வயல் பக்கத்துச் சுவிட்ச்

கார்த்திகை பிறந்தால் வீரையனுக்கு இடுப்பு போய்விடும். நாற்றுக்கட்டு தூக்குவது, வரப்பு வெட்டுவது, உரம் தெளிப்பது எல்லாம் உடம்புக்கு ஐம்பது வருஷப் பழக்கம். புகையான் பார்க்கிற வேலை அப்படியில்லை. கணுக்கால் தண்ணீரில் குந்தி, பயிரை இரண்டு கையாலும் பிளந்து, தூருக்குள் முகத்தை விட்டுப் பார்க்கவேண்டும். நொய்யரிசி அளவில் பழுப்பாக ஒரு பூச்சி. தண்ணீருக்கு மேலே நாலு விரல்கடை உயரத்தில், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே பயிர் பச்சையாகவே நிற்கும். ஒரு வாரம் கழித்து வந்தால் வெந்நீர் ஊற்றிய மாதிரி வட்டம் வட்டமாய்க் காய்ந்து சாய்ந்து கிடக்கும்.

அன்று காலையில் முப்பது இடத்தில் குந்தி எழுந்துவிட்டான். முப்பத்தோராவது தடவை எழ முடியவில்லை. கையைச் சேற்றில் ஊன்றி, நாலுகால் பிராணி போல நகர்ந்து வரப்பில் ஏறி உட்கார்ந்தான்.

“என்ன தாத்தா, பூச்சி வந்துருச்சா?”

கலைமகள். பத்தாம் வகுப்பு. புத்தகப் பையைத் தலையில் வைத்து அதன்மேல் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வரப்பில் வந்தாள். தினமும் இதே கேள்விதான் கேட்பாள்.

“இன்னும் வரல தாயி.”

“வந்தா சொல்லுங்க, ரெண்டு வார்த்த திட்டி அனுப்பி விடுறேன்” என்று சிரித்தபடி அவனைத் தாண்டிப் போனாள். சேற்றில் அவள் கால் வைக்கும் விதத்தை வீரையன் பார்த்தான். வழுக்குகிற இடம் தெரியாமல், காலால் தடவித் தடவித்தான் வைத்தாள். மழைக்கு எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டான்.

வீரையனுடைய ஒன்றே கால் ஏக்கரும் பள்ளிக்கூடமும் ஒட்டிக்கொண்டு கிடப்பவை. நடுவில் ஒரு வேலி கூடக் கிடையாது. பத்தாம் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் கதிர் உள்ளே எட்டிப் பார்க்கும். அவன் அப்பன் அந்த வயலில் பண்ணையாளாகக் கிடந்து செத்தவன். நிலத்துக்காரர் பிள்ளை சிங்கப்பூருக்குப் போனபிறகு குத்தகை வீரையன் கைக்கு வந்தது. போன வருஷம் சம்பாவைப் புகையான் தின்றது. தூற்றின நெல்லில் பாதி பதர். ஆகவே இந்த வருஷம் வேளாண்மை ஆபீசர் சொன்னபடி எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டிருந்தான். பயிருக்கு நடுவே சந்து மாதிரி இடம்விட்டால் தூருக்கு வெயிலும் காற்றும் இறங்கும், பூச்சிக்கு இருட்டு கிடைக்காது. நட வந்த பெண்கள், “என்ன மாமா, தேர் ஓட்டப் போறீங்களா?” என்று கேலி பண்ணினார்கள். அவன் கயிறு பிடித்துப் பட்டம் விட்டான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஐப்பசி கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு லைட்டு வரும்வரை.

அதே பள்ளியில் படித்து சிங்கப்பூருக்குப் போன பையன்கள் சேர்ந்து பத்தாம் வகுப்புக்கு எட்டு எல்.இ.டி. விளக்கு வாங்கிப் போட்டார்கள். கதவுப் பக்கம் நாலு, வயல் பக்கம் நாலு. அரையாண்டுப் பரீட்சை வரை தினம் சாயங்காலம் ஏழு மணி வரை தனிவகுப்பு என்று தலைமையாசிரியர் நெடுஞ்செழியன் அறிவித்தார். தனிவகுப்புப் பிள்ளைகளுக்குச் சுண்டல். அவிப்பது சத்துணவுக்கூட உதவியாள் தங்கம்மாள், வீரையன் பெண்டாட்டி.

முதல் நாள் எட்டு விளக்கையும் போட்டார்கள். மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஊர் வயலில் இருந்த தத்துப்பூச்சி அத்தனையும் ஜன்னல் வழியாக உள்ளே போய்விட்டது. நோட்டின்மேல் பச்சைப் பச்சையாகக் கொட்டியது. சட்டைக்குள், காதுக்குள், சுண்டலுக்குள். பிள்ளைகள் ஆய் ஊய் என்று கத்திக்கொண்டு பெஞ்சுமேல் ஏறின. வெளியே வயலில் நின்ற வீரையனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் வெளிச்சம் நீளநீளமாய் அவன் பயிர்மேல் விழுந்து கிடந்தது. விவசாயிகள் கூட்டத்தில் வேளாண்மை ஆபீசர் காட்டிய விளக்குப்பொறி ஞாபகம் வந்தது. ஒரு குண்டு பல்பு, கீழே ஒரு சட்டித் தண்ணீர். ‘பத்து வயல் பூச்சியும் இதத் தேடி வரும்’ என்றிருந்தார் அவர். இங்கே பத்து வயல் பூச்சியும் தேடி வருகிற இடம் தன் வயலின் தலைமாட்டில் இருக்கிறது.

மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் போய் நின்றான்.

“சார், ஒங்க லைட்டு எம் பயிர அழிச்சிரும்.”

“லைட்டு என்னண்ணே பண்ணும் பயிர?”

“நாலு ஊரு பூச்சிக்கும் வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடுது சார். ராத்திரிக்கு லைட்ட அணைச்சிட்டு நீங்க வூட்டுக்குப் போயிருவீங்க. வந்த பூச்சி எங்க போவும்? என் வயலுக்குத்தான் எறங்கும்.”

“அதுக்காகப் புள்ளைங்கள இருட்டுல ஒக்கார வைக்கச் சொல்றியா?”

“எல்லாத்தையும் அணைக்கச் சொல்லல. வயப்பக்கத்து நாலு மட்டும். கதிரு முத்துற வரைக்கும்.”

நெடுஞ்செழியன் நல்ல மனிதர்தான். ஆனால் முந்தின நாள் பூச்சியில் அவருக்கும் தும்மல் பிடித்து இன்னும் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். “முடியாதுண்ணே, சிங்கப்பூர்ப் பயலுவ போட்டோ கேக்குறானுவ” என்றார்.

“போட்டோ எடுத்துட்டு அணைச்சிருங்க.”

“அண்ணே, அது சரியில்ல.”

அப்போதுதான் வீரையன் அந்த வார்த்தையைச் சொன்னான். சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை, வாயில் வந்தது.

“சார், கலிங்குப் பாலத்துக்கு ரோட்ட வெட்டிப் போட்டு நாலு மாசமாவுது. ஒங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாதி என் வரப்பு மேலதான் வருது. நான் ஒரு நாளாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருப்பனா? கருவ முள்ள வெட்டிப் போட்டன்னா எல்லாம் மூணு மைலு சுத்திக்கிட்டுத்தான் வரணும்.”

தலைமையாசிரியர் கைக்குட்டையை மேசைமேல் வைத்தார். “நீயாண்ணே இப்படிப் பேசுற?” என்றார். பிறகு எழுந்து போய், முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, வயல் பக்கத்துச் சுவிட்சின்மேல் குறுக்கே ஒட்டினார். பிள்ளைகள் கை சும்மா இருக்காது என்பதால் பேனாவால் அதன்மேல் எழுதினார்: ‘ஷாக் அடிக்கும், தொடாதே.’

அதற்குப்பிறகு யாரும் தொடவில்லை.

அந்த வகுப்பில் கதவுப் பக்கம் பையன்கள், வயல் பக்கம் பெண்கள். அது எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிற வழக்கம். வளர்ந்த பெண்கள் பின்பெஞ்சு. கலைமகள் வகுப்பிலேயே வளர்த்தி.

அவள் அப்பன் பிரபு, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன், வீரையன் தெருவேதான். அம்மா வானதி திருப்பூர் பனியன் கம்பெனியில். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடவேண்டும் என்பது அவள் எண்ணம். பிரபு நடுவில் ஒரு கோடு போட்டிருந்தான்: அரையாண்டில் எல்லாப் பாடமும் பாஸானால் இங்கேயே இருந்து படிக்கலாம். ஒரு பாடம் போனாலும் தைக்கு முன்னால் திருப்பூர் பஸ். இது தெருவுக்கே தெரியும். தங்கம்மாளிடம் சுண்டல் வாங்க வரும்போது கலைமகளே சொல்வாள். “மத்ததெல்லாம் தாண்டிருவேன் ஆயா. கணக்குதான். போர்டுல எட்டு இருந்தா எனக்கு மூணாத் தெரியுது.”

“கண்ணத் தொறந்து பாருடி.”

“தொறந்துதான் ஆயா பாக்குறேன்.”

கார்த்திகை நடுவில் கணக்குக்குப் புது டீச்சர் வந்தார். ஃபஹ்மிதா. நாகூர்க்காரர், கும்பகோணத்தில் தங்கித் தினம் பஸ்ஸில் வருகிறவர். வந்த முதல் வாரமே, கணக்கைத் தப்புத்தப்பாக எழுதிவைத்ததற்குக் கலைமகளை இரண்டு நாள் வராந்தாவில் நிற்க வைத்தார். இரண்டாம் நாள் வராந்தாவில் நின்றபடி அவள் அதே கணக்கைப் புத்தகத்தைப் பார்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். வராந்தா வெளிச்சத்தில்தான் அவளுக்கு எண் தெரிகிறது என்று டீச்சருக்கு உறைத்தது.

புயல் சின்னம் என்று நாலு நாளாக வானம் மூடிக்கிடந்த ஒரு சாயங்காலம், தங்கம்மாளுக்குக் குடை கொடுக்க வீரையன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அவள் தட்டைப்பயறு அவித்து இறக்கிக்கொண்டிருந்தாள். ஆவி கூரையைத் தடவியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றுக்கு அந்த வாசனை இழுத்தது. ஒரு கரண்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, சுண்டல் தூக்குக்கு ஒரு கை கொடுத்து வகுப்பு வரை போனான்.

உள்ளே டீச்சர் பெஞ்சு பெஞ்சாக எதையோ வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. மேலே பால் நிறத்தில் ஒரு குமிழ், கீழே எண். நெடுஞ்செழியன் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“இது என்னம்மா டீச்சர்?” என்றாள் தங்கம்மாள்.

“வெளிச்சத்த அளக்குற மெஷின் ஆயா. லக்ஸ்னு கணக்கு. புஸ்தகம் வைக்கிற எடத்துல முந்நூறு இருக்கணும்.”

“வெளிச்சத்தக்கூட மரக்கால்ல அளக்குறாங்களா!” தங்கம்மாளுக்குச் சிரிப்பு. பிள்ளைகளும் சிரித்தார்கள்.

கதவுப் பக்கம் நடுப்பெஞ்சில் முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. பையன்கள் பாஸாகிவிட்ட மாதிரி கை தட்டினார்கள். வயல் பக்கம் முதல் பெஞ்சில் தொண்ணூற்றாறு. டீச்சர் ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டே பின்னால் போனார். கடைசிப் பெஞ்சில் நோட்டுக்கு ஒரு கை, பேனாவுக்கு ஒரு கை, பெட்டிக்குக் கை இல்லை. அருகில் தூக்கோடு நின்றவனைப் பார்த்தார்.

“பெரியவரே, இதக் கொஞ்சம் மேசைல வச்சுப் புடிங்க. குமிழுக்கு மேல ஒங்க நெழல் விழாம.”

வீரையன் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை வாங்கினான். கலைமகள் நோட்டை நகர்த்தி இடம் விட்டாள். எண் கொஞ்சம் ஆடி நின்றது. எழுத்து அவனுக்குத் தடுமாறும், எண் தடுமாறாது.

“எவ்வளவு காட்டுது?”

“முப்பத்தெட்டு.”

“சரியாப் பாத்தீங்களா?”

“முப்பத்தெட்டுதாங்க.”

டீச்சர் பெட்டியை வாங்கித் தானே பார்த்தார். கலைமகள் நோட்டைப் பார்த்தார். அதில் எட்டுகள் மூன்றாகவும், கழித்தல் குறிகள் இல்லாமலும் கிடந்தன. “இங்க ஒக்காந்துதான் ஒரு மாசமா எழுதுனியா?” என்றார். கலைமகள் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் எழுந்து நின்றாள்.

“சார், இந்தப் பக்கம் லைட்டு ஏன் எரியல?”

“மழை நாள் டீச்சர். வானம் மூடியிருக்கு, அதான் கொறச்சலாக் காட்டுது.”

“மழை நாளைக்குத்தானே சார் லைட்டு வேணும்? வெயில் அடிச்சா லைட்டு எதுக்கு?”

“அதுல ஷாக் அடிக்குது.”

“வயர்மேன வரச் சொல்லியாச்சா?”

தலைமையாசிரியர் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்தார். வீரையனைப் பார்த்தார். அரை நிமிஷம்கூட இருக்காது. சொல்லவேண்டியவன் நீ என்பது அந்தப் பார்வை. வீரையன் குனிந்து தூக்கை எடுத்தான். “சுண்டல் ஆறுது” என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தங்கம்மாள் குடையைத் தானே பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அடுப்பு மூட்டி, கஞ்சியைச் சுடவைத்து, காய்ந்த நெத்திலியை வறுத்து வட்டிலில் போட்டு அவன் முன்னால் வைத்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

“ஷாக் அடிக்குதாம். அந்த வாத்தியாரு பொய் சொல்ற ஆளு இல்ல. யாருக்காவச் சொல்றாரு?”

“சாப்புட வுடு.”

“நீதானே போயி நின்ன அன்னிக்கு? வரப்ப அடைப்பேன்னு சொன்னியாமே. இன்னிக்கு எதுத்த வூட்டு மாசிலாமணி பொண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியுது. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, ஒங்கூடப் படுத்து எந்திரிக்கிறவளுக்குத் தெரியல.”

“போன வருசம் பதரத் தூத்துனப்ப யாரு அழுதது? நீதானே?”

“அழுதேன். அதுக்கு?”

“அதுக்குத்தான்.”

“பயிருக்கு எட்டடிக்கு ஒரு பட்டம் வுட்டு வெளிச்சம் வுடுற. கயிறு புடிச்சு வுடுற. புள்ளைங்க தூர்ல இருட்டக் கட்டி வச்சுட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் என்னய்யா வெவசாயி?”

வீரையன் நெத்திலியைக் கஞ்சிக்குள் விட்டுப் பிசைந்தான்.

“நாளைக்கே போயிச் சொல்லு, போடச் சொல்லிடு” என்றாள்.

“கதிரு பால் புடிக்கிற நேரம் தங்கம். இந்தப் பத்து நாள்தான். இப்பப் பூச்சி வந்தா ஒரு மணி தேறாது. பத்து நாள் போவட்டும், நானே போயிப் பிச்சு எறிஞ்சிட்டு வரேன்.”

“பரீட்ச என்னிக்குத் தெரியுமா ஒனக்கு?”

தெரியும். பத்து நாளில்தான் பரீட்சை.

அந்தப் பத்து நாளும் காலையில் வரப்பில் கலைமகள் வரும் நேரத்துக்கு வீரையன் வயலின் அந்தக் கோடிக்குப் போய்விடுவான். அவள் தூரத்திலிருந்தே கத்துவாள். “தாத்தா, பூச்சி வந்துருச்சா?” அவன் இல்லையென்று கையை மட்டும் ஆட்டுவான். அவளுக்குக் கை தெரிந்ததோ இல்லையோ, திரும்பக் கத்துவாள். “என்ன தாத்தா, காது அடைச்சுப் போச்சா?” ஒருநாள் மனசு பொறுக்காமல் சாயங்காலம் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனான். ஜன்னல் வழியே அவள் தலை தெரிந்தது. மூக்கு நோட்டில் முட்டுகிற அளவுக்குக் குனிந்திருந்தாள். தூருக்குள் முகத்தை விட்டுப் பூச்சி பார்க்கிற குனிதல். தன் இடுப்பு அவனுக்குச் சுரீரென்றது. உள்ளே போகவில்லை. கதிர் அப்போதுதான் தலை சாய்க்க ஆரம்பித்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

ஃபஹ்மிதா டீச்சர் தன்னால் ஆனதைச் செய்தார். கலைமகளைப் பையன்கள் பக்கம் உட்கார வைக்கப் பார்த்தார். இரண்டு நாள் உட்கார்ந்தாள். யாரோ போய் பிரபுவிடம் சொல்ல, அவன் பள்ளிக்கூடத்துக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். பழையபடி பின்பெஞ்சு. திருவிடைமருதூரில் கண் முகாம் என்று எழுதிக் கொடுத்தார். முகாம் பரீட்சைக்கு மறு வாரம்.

மார்கழி முதல் வாரம் பரீட்சை நடந்தது. கணக்கில் இருபத்தாறு. முப்பத்தைந்து வேண்டும்.

மதிப்பெண் வந்த அதே வாரத்தில் வயலில் புகையான் வந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமாட்டில் இல்லை. அங்கே ஒரு தூரில்கூட ஒன்றுமில்லை. எதிர்க்கோடியில், வாய்க்கால் ஓரம், வெளிச்சத்தின் வாடையே படாத மூலையில் ஒரு களம் அகலத்துக்கு வட்டமாக விழுந்திருந்தது. அந்த மூலையில் மட்டும் நாற்று மீந்துபோனதென்று பட்டம் விடாமல் நெருக்கி நட்டிருந்தான். மருந்து அடித்தான். அந்த வட்டத்தோடு நின்றுவிட்டது. வீரையன் காய்ந்த தாளைப் பிடுங்கி கையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பள்ளிக்கூட ஜன்னலைப் பார்த்தான். ஒன்றே கால் ஏக்கர் தூரம் நடுவில் கிடந்தது. லைட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒருவேளை லைட்டு எரிந்திருந்தால் அந்தப் பக்கமும் விழுந்திருக்குமோ என்று மனசு ஒரு சாக்கைத் தேடியது. தேடிப் பார்த்துவிட்டு அதுவே விட்டுவிட்டது.

போகிக்கு நாலு நாள் முன்னால் கலைமகள் வரப்பில் வந்தாள். புத்தகப் பை இல்லை. ஜிப் போன ஒரு சிவப்புப் பையைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் பிரபு.

“வரேன் தாத்தா” என்றாள்.

“பொங்கலு முடிஞ்சு போவலாமே.”

“அம்மா வேலைக்கு ஆளு கேட்டாங்கன்னு சொல்லுச்சு. அப்பறம் போனா எடம் இருக்காதாம்.” பிறகு அவளே கேட்டாள். “பூச்சி வந்துருச்சாமே?”

“ஒரு மூலைலதான் தாயி.”

“நான் திட்டுனதுக்குப் பயந்து அங்க போயிருக்கும்.”

காலால் தடவித் தடவி வரப்பைத் தாண்டிப் போனாள். வீரையன் கையில் மண்வெட்டி இருந்தது. அதை ஊன்றிக்கொண்டு நின்றான்.

அவள் போன மறுநாள் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய், யாரையும் கேட்காமல் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்து பிளாஸ்திரியைப் பிய்த்தான். பாதி பிய்ந்து பாதி சுவரிலேயே ஒட்டிக்கொண்டது, நகத்தால் சுரண்டினான். பெண்கள் “ஷாக் அடிக்கும் தாத்தா!” என்று அலறினார்கள். சுவிட்சைத் தட்டினான். நாலு விளக்கும் ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்தன. பின்பெஞ்சில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்.

டீச்சர் சாக்பீஸோடு நின்றார். “ஷாக் அடிக்கலையே” என்றார்.

“என்னிக்குமே அடிக்கலங்க. நான்தான் அணைக்கச் சொன்னேன். பயிருக்குப் பூச்சி வரும்னு. சார் மேல தப்பில்ல.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் அந்த மூன்றாவது இடத்தைப் பார்த்தார். “நானும் அவள ரெண்டு நாள் வெளிய நிக்க வச்சேன் பெரியவரே. ஏன் தெரியலன்னு ஒரு வார்த்த கேக்காம” என்றார். “எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சொல்லவேண்டியவ கிட்டச் சொல்லுங்க.”

அவன் முதலில் போனது பிரபுவிடம். கொள்முதல் நிலையத்தில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பீடி பிடித்திருந்தான்.

“பிரபு, ஒம் மவ பெயிலானதுக்கு நாந்தாண்டா காரணம்” என்று எல்லாவற்றையும் சொன்னான். பிரபு கடைசி வரை கேட்டான். பிறகு பீடிப் புகை மூக்கில் ஏறி இருமும் அளவுக்குச் சிரித்தான்.

“அட போ சித்தப்பா! இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த? படிக்கிற புள்ளன்னா இருட்டுலயும் படிக்கும். பயிர வுட்டுட்டுப் புள்ளயவா பாப்பாங்க? நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.”

“அப்படிச் சொல்லாதடா.”

“வேற எப்படிச் சொல்ல? ரெண்டு அடி அடிக்கணுமா?”

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரபு அவன் தோளைத் தட்டிவிட்டு மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான்.

தை கடைசியில் அறுப்பு. மெஷின் வந்து ஒரு பொழுதில் அறுத்துக் கொட்டியது. போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கு. தங்கம்மாள் ஒரு மூட்டையைச் சாப்பாட்டுக்கென்று அவித்துக் காயப்போட்டாள். களத்துமேட்டில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே மடியிலிருந்து செல்போனை எடுத்தாள்.

“மத்தியானம் சோத்துக்கு விடுற நேரம். வானதிக்குப் போடுறேன். பேசு.”

“நான் என்ன பேச?”

“சார் கிட்டப் பேசத் தெரிஞ்சுதுல்ல?”

வானதி எடுத்து மகளிடம் கொடுத்தாள். பின்னால் நூறு பேர் சாப்பிடும் இரைச்சல்.

“யாரு, தாத்தாவா? என்ன தாத்தா, பூச்சி வந்துருச்சா?”

“அறுப்பு ஆயிருச்சு தாயி. நீ எப்படி இருக்க?”

“நல்லாருக்கேன். செக்கிங்ல இருக்கேன். பனியன்ல ஓட்டை, அழுக்கு, நூல் பிரிஞ்சது எல்லாம் பாத்துப் பிரிக்கணும்.”

“கண்ணு தெரியுதா ஒனக்கு?”

“கண்ணாடி போட்டாச்சு. அதோட இங்க லைட்ட நீங்க பாக்கணுமே! ஒவ்வொரு மேச மேலயும் ரெண்டு ரெண்டு டியூப்பு, கைக்கு எட்டுற ஒசரத்துல. பட்டப்பகல் தோத்துரும். டீச்சர் வச்சிருந்தாங்கள்ல ஒரு பெட்டி, அதே மாதிரி வச்சு சூப்பர்வைசர் வாரா வாரம் அளக்குறாரு. கொறஞ்சா அன்னிக்கே மாத்திருவாங்க. இல்லன்னா அழுக்கு கண்ணுக்குத் தெரியாம போயிருமாம், வெளிநாட்டுக்காரன் சரக்கத் திருப்பிருவானாம்.”

“எவ்வளவு காட்டுது?”

“ஆயிரம் தாத்தா! எம் மேசைல ஆயிரம்.”

வீரையன் காதிலிருந்து செல்லை எடுத்துத் தங்கம்மாளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுபடியும் காதில் வைத்தான்.

“தாயி, நம்ம பள்ளிக்கூடத்துல அந்தப் பக்கத்து லைட்டு இருந்துச்சுல்ல.”

“ஷாக் அடிக்குமே, அதானே?”

“அடிக்காது. நான்தான் வாத்தியார்கிட்டச் சொல்லி அணைச்சு வச்சேன். பயிருக்காவ. வரப்ப அடைப்பேன்னு மெரட்டிச் சொன்னேன். நீ இருட்டுல ஒக்காந்தது என்னாலதான்.”

அந்தப் பக்கம் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது.

“அப்படியா” என்றாள் கலைமகள். குரலில் அவளுடைய கேலி இல்லை. பிறகு, பெரியவர்கள் விசாரிப்பது போல, மெதுவாகக் கேட்டாள். “பயிரு நல்லா வந்துச்சா தாத்தா?”

“வந்துச்சு.”

“சரி தாத்தா. பெல் அடிக்கப் போவுது. வச்சிரட்டுமா?”

வைத்துவிட்டாள். வெயில் நேராகத் தலைமேல் நின்றது. களம் முழுக்க நெல் மஞ்சளாய் மின்னியது. வீரையன் குந்தி உட்கார்ந்தான். இடுப்பு வலித்தது, வலிக்கட்டும் என்று எழாமல் இருந்தான்.

“எத்தன நாளு?” என்று கேட்டான்.

“என்ன எத்தன நாளு?”

“அணைஞ்சு கெடந்தது.”

தங்கம்மாளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “இருவத்தொம்போது நாளு சுண்டல் அவிச்சேன்” என்றாள்.

நாலு விளக்கு, இருபத்தொன்பது சாயங்காலம். கலைமகளுக்கு அவன் தரவேண்டியது இது. இன்னும் தரவில்லை.